சி டிரைவில் இருந்த கல்யாணம்

2025 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தாராவி தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் உள்ள ராஜா டிஜிட்டல் ஸ்டூடியோவில், ஹார்ட் டிஸ்கைப் பிரித்து நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொண்டிருந்த கணினி, பழுதுக்கு அடையாளமான நீலத்திரையைக் காட்டி நின்று, பிறகு தானாகவே மறுபடி தொடங்கியது.

அந்த நேரத்தில் கோகிலவாணி ஐரோலியில், ஓர் ஐடி பூங்காவின் ஏழாவது மாடியில், அதே மென்பொருளை வாங்கி மாட்டிக்கொண்ட ஓர் ஆஸ்திரேலியக்காரருக்கு சாட்டில் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய நிறுவனம் விற்பது அந்த ஒரு பொருளைத்தான். ஹார்ட் டிஸ்கில் ஒரு பகுதியைச் சுருக்கி இன்னொரு பகுதியைப் பெரிதாக்கும் வேலை. பெரும்பாலும் ஒழுங்காக நடந்துவிடும். அப்படி நடக்காதபோதுதான் ஆட்கள் சாட்டுக்கு வருவார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியை ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்று எஃப்-டூ விசையில் போட்டுவைத்திருந்தார்கள். அழுத்தினால் திரையில் கேள்வி விழும்: வேலையைத் தொடங்கும் முன் உங்கள் கோப்புகளுக்கு நகல் எடுத்துவைத்தீர்களா? யாரும் எடுத்துவைத்திருக்கமாட்டார்கள். அதற்கான பதிலும் எஃப்-த்ரீயில் தயாராக இருந்தது.

ஆஸ்திரேலியா ஷிப்ட் என்பதால் விடியும் முன்னமே வண்டி ஆண்டாப் ஹில்லுக்கு வந்து அவளை ஏற்றிக்கொள்ளும். மதியத்துக்கு மேல் விடுவார்கள். செல்போனை வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்று ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது அக்காவிடமிருந்தும் அத்தானிடமிருந்தும் வந்த அழைப்புகள் வரிசையாக நின்றன. கடைசியில் அத்தான் ராஜபாண்டியின் குரல் பதிவு ஒன்று.

"கோகிலா, பயப்படாத. மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. ஏக்தம் நல்லா ஓடுது. கல்யாணத்தைத்தான் காணோம்."

அதை இரண்டு தடவை கேட்டாள். பிறகு வண்டி ஓட்டுநரிடம், வீட்டுக்கு வேண்டாம், சயானில் இறக்கிவிடுங்கள் என்றாள்.

முலுண்டு தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டு முந்தைய நாள் பேச்சை ஓட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அவள் சோற்றுத் தட்டோடு தூங்கி விழுந்துகொண்டிருந்தபோது ராஜபாண்டி கூப்பிட்டார். புது மெஷினில் சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று சிவப்புக் கோடு வருகிறதாம். டி காலியாகத்தான் கிடக்கிறதாம். அங்கே தூக்கிப் போடுங்கள் என்றாள். உன் அக்கா செல்வி பாதி எடிட் பண்ணிவிட்டாள், இடத்தை மாற்றினால் எல்லாம் அறுந்துபோகும் என்கிறாள் என்றார் அவர். "அப்ப எங்க கம்பெனி சாமானைப் போட்டு டி-லேர்ந்து கொஞ்சம் எடுத்து சி-யப் பெருசாக்குங்க அத்தான். அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள். ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் கேட்கும் அந்த முதல் கேள்வியை அவள் கேட்கவில்லை. வீட்டு ஆட்களுக்கு எஃப்-டூ கிடையாது.

ஸ்டூடியோ ஒரு இட்லி மாவுக் கடைக்கு மேலே இருந்தது. இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். மேலே தகரக் கூரையின் சூடு அப்படியே உட்கார்ந்திருந்தது. படம் எடுக்கத் தொங்கவிட்டிருந்த நீலத் திரைக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் ராஜபாண்டி சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தார். அக்கா மாரிசெல்வி சுவரோரம் தரையில்.

"வாட்டி. சாப்டியா?" என்றாள் அக்கா.

"மொதல்ல மெஷினக் காட்டு."

"ஒங்க சாமானத்தான் போட்டேன்" என்று ராஜபாண்டி ஆரம்பித்தார். "ஒங்க கம்பெனி சைட்லேர்ந்தே எறக்குனது. திருட்டுக் காப்பி கெடையாது, சத்தியமா."

"நான் ஒண்ணும் கேக்கலையே அத்தான்."

"கேக்கதுக்கு முந்தியே சொல்லுதேன்."

திரையில் பச்சை மலை ஒன்றின் படமும் அதன்மேல் பெரிய எழுத்தில் 'ஜீஷான் சைபர் பாயின்ட்' என்ற பெயரும் இருந்தன. ஓரத்தில் ரயில் டிக்கெட், பான் கார்டு, பரீட்சை விண்ணப்பம் என்று சின்னச் சின்னப் படங்கள். இன்னொருவர் கடையிலிருந்து பழையதாக வாங்கி வந்த அன்று மெஷின் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கே மாரிசெல்வி அந்த மலையை எடுத்துவிட்டுத் தங்கள் ஸ்டூடியோ பெயரைப் போட்டாள். கல்யாணம் முடிந்த பிறகு மணப்பெண் லிசாவின் முகத்தைப் போட்டாள்.

"ரெண்டு வாரமா லிசா மூஞ்சிதான் இருந்துச்சு" என்றாள் மாரிசெல்வி. "இப்பப் பாரு, அந்தாளு கடைப் பேரு வந்து நிக்கி. எம் போல்டரையும் காணோம், எடிட் பண்ண சாப்ட்வேரையும் காணோம். ஒங்க சாமானையும்தான் காணோம்."

"கேமரா கார்டு?"

அவள் கேட்டிருக்கவும் வேண்டாம். முகூர்த்த மாதத்தில் அன்றன்றைக்கு எடுத்ததை மெஷினில் இறக்கிவிட்டு, அன்றைக்கே கார்டை அழித்துவிடுவார்கள். மறுநாள் இன்னொரு கல்யாணத்துக்கு அதே கார்டுதான் போக வேண்டும்.

"அதுமேல அஞ்சாறு கல்யாணம் ஏறிருச்சு" என்றார் ராஜபாண்டி.

"மொபைல்ல யாராவது எடுத்திருப்பாங்கல்லா?"

"விருந்துல எடுத்திருக்காங்க. கோயிலுக்குள்ள எடுக்கல. பூசை ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே பாதர் சொல்லிட்டாரு, எல்லாரும் போன உள்ள வைங்க, ஸ்டூடியோக்காரர் மட்டும் எடுக்கட்டும்னு. எனக்குப் பெருமையா இருந்துச்சு."

செம்பூர் சர்ச்சில் நவம்பர் எட்டாம் தேதி நடந்த கல்யாணம் அது. ராஜபாண்டிக்குத் தாராவிக்கு வெளியே கிடைத்த முதல் பெரிய வேலை. மாப்பிள்ளை ஸ்டெர்லின் கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை பார்ப்பவன். வரும் வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏற வேண்டும். திரும்ப ஒன்பது மாதம் ஆகும். நடுக்கடலில் இணையம் சரியாகக் கிடைக்காது என்பதால் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் போட்டுக் கையோடு கொண்டுபோகக் கேட்டிருந்தான். அந்தக் கல்யாணம் இந்த மெஷினைத் தவிர வேறு எங்கும் இல்லை.

"எத்தன தடவ அணைச்சு மறுபடி சாலு பண்ணீங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"என்னத்த எண்ண? நீ போன எடுக்கல. ஒங்க சாமானத் திருப்பிப் போட்டேன். மறுபடியும் நீலம் அடிச்சுது. எந்திரிச்சா மறுபடியும் இந்த மலை. திருப்பிப் போட்டேன். காலைலேர்ந்து இதே சோலிதான்."

"எடிட்டிங் சாப்ட்வேரையும் புதுசா எறக்கிப் போட்டாவ" என்றாள் மாரிசெல்வி. "வேண்டாம்னு சொன்னேன். கேக்கல."

"சும்மா உக்காந்திருக்கச் சொல்லுதியா?"

கோகிலவாணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது மணி நேரம் இதே மாதிரி ஒரு நாற்காலியில் இருந்துவிட்டு வந்த முதுகு வலித்தது. தன் நிறுவனத்தின் மென்பொருள் டிஸ்கைத் தவறாக வெட்டியிருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தாள். அப்படி நடப்பதுண்டு. ஆனால் சி-யும் டி-யும் பழைய அளவிலேயே இருந்தன. எதுவும் வெட்டப்படவில்லை, நகரவும் இல்லை. நீலத்திரை விழுந்தால் மெஷின் அதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிவைக்கும். அதைத் தேடினாள். இல்லை. மெஷினுக்குள் என்னென்ன நடந்தது என்று பதிவாகும் இடத்தைத் திறந்தாள். கடைசிப் பதிவு 2023 மார்ச்சில் இருந்தது. அதற்குப் பிறகு, அந்தப் பதிவுப்படி, இந்த மெஷினுக்கு இரண்டரை வருடமாக எதுவுமே நடக்கவில்லை.

பிறகு தன் பெயரை ஒரு சின்னக் கோப்பில் தட்டி, திரையில் மலைக்குப் பக்கத்தில் வைத்தாள். மெஷினை அணைத்துப் போட்டாள்.

மலை வந்தது. அவள் பெயர் வரவில்லை.

"என்னட்டி வித்தை காட்டுத?" என்றார் ராஜபாண்டி.

ஸ்மிதாவைக் கூப்பிட்டாள். ஸ்மிதா அவளுடைய குழுத்தலைவி, தானேக்காரி, அன்று அவளுக்கு விடுமுறை. பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. இருவரும் இந்தியில்தான் பேசிக்கொள்வார்கள். நடந்ததைச் சொன்னதும் ஸ்மிதா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பழைய மெஷினா? யாரிடம் வாங்கியது?"

"சைபர் கஃபேக்காரர் ஒருத்தர். கடையை மூடிட்டார்."

ஸ்மிதா சிரித்தாள். சிரிப்பை நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள். "அரே கோகிலா. கஃபேக்களில் எல்லாவற்றிலும் ஒன்று போட்டிருப்பார்கள். சி-யை அப்படியே உறைய வைத்துவிடும். வருகிறவன் என்ன குப்பையைக் கொட்டினாலும் கொட்டட்டும், மெஷினை அணைத்துப் போட்டால் முதல் நாள் இருந்த மாதிரி ஆகிவிடும். நீ எழுதுவதெல்லாம் எழுதின மாதிரிதான் தெரியும். அணைக்கிறவரைக்கும்தான். நம் சாமான் டிஸ்கில் கை வைக்கப் போயிருக்கும், அது விட்டிருக்காது. இரண்டும் முட்டிக்கொண்டு மெஷின் விழுந்திருக்கும்." குக்கர் இன்னொரு தடவை கத்தியது. "எனக்குப் புரியாதது ஒன்றுதான். வாங்கி எத்தனை நாள் ஆச்சு? முதல் தடவை அணைத்தபோதே தெரிந்திருக்குமே?"

ஏன் தெரியாமல் போயிற்று என்பது கோகிலவாணிக்குத் தெரியும்.

நல்ல நேரம் பார்த்து ஓடவிட்ட மெஷினை, முதல் வேலை முடிந்து கைக்குப் போகும்வரை நிறுத்தக் கூடாது. இது ராஜபாண்டி வீட்டு வழக்கம். அவருடைய அப்பா இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மாவு மில் வைத்திருந்தபோது, முதல் மூட்டை அரைத்து முடியும்வரை சாப்பிடக்கூட மில்லை நிறுத்தவிடமாட்டாராம். மில் போய் ஸ்டூடியோ வந்த பிறகும் கேமராவுக்கும் பிரிண்டருக்கும் அதையே செய்தார்கள். இந்த மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சை நசுக்கி, சூடம் காட்டித்தான் சுவிட்சைப் போட்டார்கள். கரண்ட் போனாலும் நிற்கக் கூடாது என்று பக்கத்துக் கடையிலிருந்து இன்வெர்ட்டர் வயர் இழுத்தார்கள். முதல் வேலை லிசா கல்யாணம்தான் என்று வைத்து, மற்றக் கல்யாணங்களையெல்லாம் பழைய மெஷினிலேயே ஏற்றினார்கள். கோகிலவாணி அன்று வந்திருந்தாள். சுண்டல் தின்றுவிட்டு, நல்ல மெஷின், பரவாயில்லை என்று சொல்லிவிட்டும் போனாள்.

"அணைக்கவே இல்லை" என்று ஸ்மிதாவிடம் சொன்னாள்.

"இரண்டு வாரமா?"

"ஆமாம்."

ஸ்மிதா குக்கரை அணைத்துவிட்டு வந்தாள். "எழுதினது அங்கேதான் எங்கேயாவது சிதறிக் கிடக்கும். மெஷினுக்குத்தான் அது நினைவில்லை. மேலே வேறு ஏதாவது எழுதப்படாமல் இருந்தால் தோண்டி எடுக்கலாம். வயரைப் பிடுங்கு. இனி ஒரு தடவைகூடப் போடாதே."

அவள் சொன்னதைக் கோகிலவாணி தமிழில் சொல்லி முடிக்கும்போது ராஜபாண்டி ஜீஷானுக்குப் போன் போட்டிருந்தார், ஸ்பீக்கரில். பழைய கஃபேக்காரர் இப்போது ஆண்டாப் ஹில்லில் மொபைல் கவர் விற்கிறார்.

"ராஜா பாய், டெம்போவில் ஏற்றும்போதே சொன்னேனே. டி-யில் வை, சி-யில் வைக்காதே என்று. மூன்று தடவை சொன்னேன்."

"ஒங்க கடைக்கு வாரவங்களுக்குச் சொல்லுத மாதிரில்லா நெனச்சேன்" என்று தமிழில் முனகிவிட்டு, இந்தியில் பாஸ்வேர்டு கேட்டார்.

"அதைப் போட்டவன் துபாய் போய்விட்டான். அவன் நம்பரே என்னிடம் இல்லை. ஏன், மெஷின் நல்லாத்தானே ஓடுகிறது?"

"பராபர் ஓடுது" என்று ராஜபாண்டி போனை வைத்தார்.

கோகிலவாணி குனிந்து பிளக்கைப் பிடித்தாள். ராஜபாண்டி சட்டென்று எழுந்து அவள் கையைப் பிடித்தார்.

"வேல முடியலம்மா. பிடுங்கக் கூடாது."

"காலைலேர்ந்து பத்து தடவ அணைஞ்சிருச்சு அத்தான்."

"அது தானா அணைஞ்சது."

மாரிசெல்வி எழுந்து வந்து பிளக்கைப் பிடுங்கினாள். மின்விசிறியின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

டிஸ்கைக் கழற்றி, ஸ்டூடியோவின் பழைய மெஷினில் இரண்டாவது டிஸ்காக மாட்டினாள் கோகிலவாணி. மீட்பு மென்பொருள் ஒன்றை ஓடவிட்டாள். கண்டெடுப்பதை வைக்க ஒரு வெளி டிஸ்கும் வேண்டியிருந்தது. அதை மாட்டுங்காவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தெரிந்தவரிடம் ராஜபாண்டி போய்க் கேட்டு வாங்கி வந்தார். அவர் போயிருந்தபோது அவருடைய போன் மேஜைமேல் அடித்தது. மாரிசெல்வி பெயரைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். அவர் திரும்பி வந்ததும் மறுபடி அடித்தது. லிசாவின் அம்மா லூர்தம்மாள்.

"தம்பி, பென்டிரைவ் ரெடியா? மாப்ள வெள்ளிக்கெழம கெளம்புதாரு. புதன்கெழமயாவது கைக்கு வந்திருமா?"

"வீடியோ ரெண்டரிங் ஓடிக்கிட்டிருக்கும்மா" என்றார் ராஜபாண்டி. கோகிலவாணியைப் பார்க்காமல் சொன்னார்.

திரையில் பச்சைக் கோடு இருக்கிறதா இல்லையா என்பதுபோல் நகர்ந்தது. வெகுநேரம் கழித்து ராஜபாண்டி கேட்டார்.

"ஒவ்வொரு தடவ சாலு பண்ணும்போதும் அதுமேலதான எழுதியிருக்கும்?"

"கொஞ்சம்."

"நான் எறக்குன சாப்ட்வேரு?"

"அது நெறைய."

"அப்ப நான் கை வச்சதாலதான் போச்சு."

"நான் சொன்னதாலதான வச்சீங்க."

"பங்கு பிரிச்சது போதும்" என்றாள் மாரிசெல்வி. "நாளைக்கு இவ வேலைக்குப் போகணும். போய்த் தூங்கட்டும்."

கீபோர்டில் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று ராஜபாண்டி அதன்மேல் தன் துண்டைப் போட்டு மூடினார்.

திங்கட்கிழமை ஷிப்டில் மூன்றாவதாக வந்தவர் பெர்த்தில் கணக்காளராக இருக்கும் ஒரு பெண்மணி. கோகிலவாணி எஃப்-டூவை அழுத்தினாள். நகல் எடுத்துவைத்தீர்களா? இதைக் கேட்கிற நேரமா இது என்று அந்தப் பெண்மணி எழுதினாள். அதற்கு எந்த விசையிலும் பதில் இல்லை. உங்கள் மெஷினை இப்போதே அணைத்துவிடுங்கள், நான் சொல்லும்வரை மறுபடி போடாதீர்கள் என்று கோகிலவாணி கையால் தட்டி அனுப்பினாள். அந்த வாக்கியம் நிறுவனத்தின் பட்டியலில் இல்லாததால் தரக் கண்காணிப்பிலிருந்து உடனே ஒரு எச்சரிக்கை வந்தது.

மதியம் அவள் ஏணியில் ஏறும்போது மாரிசெல்வி திரைக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்திருக்குட்டி. ஆனா யாரு யாரோ வந்திருக்காங்க."

கண்டெடுக்கப்பட்ட கோப்புகளுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான். ஆயிரக்கணக்கில் கிடந்தன. திறந்தால் கஃபேக்கு வந்துபோன ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். பாஸ்போர்ட் அளவுப் படங்கள், ஆதார் அட்டைகள், பரீட்சை ஹால் டிக்கெட், யாரோ ஒருவருடைய எக்ஸ்ரே. பர்தாவை முகத்திலிருந்து விலக்கிவிட்டு நேராகப் பார்க்கும் ஒரு பெண். மீசை முளைக்காத ஒரு பையன், கடன் வாங்கிய கோட்டில். அவர்களுக்கு நடுவே திடீரென்று லிசா வெள்ளைச் சேலையில் நின்றாள். அடுத்தது மறுபடி ஒரு ரேஷன் கார்டு.

சில படங்கள் முழுதாக இருந்தன. சிலவற்றில் மேல்பாதியில் லிசாவின் முக்காடும் நெற்றியும் இருக்கும், மூக்குக்குக் கீழே சாம்பல் நிறம். ஒன்றில் பாதிரியாரின் கை மட்டும் உயர்ந்திருந்தது.

"வீடியோ?"

"நூறுக்குப் பக்கம் இருக்கு. ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது."

அன்று சாயங்காலம் முழுவதும், செவ்வாய்க்கிழமை விடுமுறையில் நாள் முழுவதும், கோகிலவாணி அந்த வீடியோக்களோடு மல்லுக்கட்டினாள். பெரிய கோப்பு ஒரே இடத்தில் எழுதப்படாது. துண்டு துண்டாகத்தான் கிடக்கும். நடுவில் ஒரு துண்டின்மேல் எழுதிவிட்டால் மற்றதும் கெட்டது. எங்கே எந்தத் துண்டு தொடர்கிறது என்று தெரிந்திருந்த ஒரே ஆள் அந்த மெஷின்தான். அது ஞாயிற்றுக்கிழமை காலையில் மறந்துவிட்டது. ஸ்மிதா இரண்டு வழி சொன்னாள். இரண்டையும் செய்து பார்த்தாள். மண்டபத்தில் நடந்த விருந்தில் மூன்று துண்டுகள் ஓடின. ஒன்றில் சத்தம் இல்லை. சர்ச்சுக்குள் எடுத்தவற்றில் ஒன்றில் மட்டும் முதல் ஃப்ரேம் படமாக நின்றது. பீடத்தின் மெழுகுவர்த்திகள், அவ்வளவுதான்.

மாரிசெல்வி அந்நியர்களைத் தள்ளித் தள்ளி, லிசா இருந்த படங்களையெல்லாம் தனி ஃபோல்டரில் சேர்த்தாள். இந்த முறை மூன்று இடத்தில் நகல் வைத்தாள்.

"செம்பூருக்கு என்ன சொல்லப்போறோம்?" என்று செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் ராஜபாண்டி கேட்டார். "வைரஸ் வந்துட்டுன்னு சொல்லுவோம். வைரஸ்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"சொல்லாதீங்க அத்தான்."

"பின்ன சூடம் காட்டி சாலு பண்ணோம், அதான் போச்சுன்னா சொல்லச் சொல்லுத? அவங்க வேதக்காரங்க. சிரிப்பாங்க."

"சிரிச்சாப் பரவாயில்ல."

புதன்கிழமை இருவரும் செம்பூர் போனார்கள். கோகிலவாணிக்கு வார விடுமுறையின் இரண்டாவது நாள் அது. லூர்தம்மாள் வீடு நான்காவது மாடியில், லிப்ட் ஓடவில்லை. வாசலில் குருத்தோலைச் சிலுவை. உள்ளே ஸ்டெர்லினின் பெட்டி பாதி அடுக்கித் திறந்து கிடந்தது. அவன் மெடிக்கல் பரிசோதனைக்குப் போயிருந்தான். லூர்தம்மாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பென்டிரைவுக்காகக் கையை நீட்டினாள்.

ராஜபாண்டி பாதியில் திக்கினார். மீதியைக் கோகிலவாணி சொன்னாள். மென்பொருள், உறைந்த டிஸ்க், அணைக்காமல் வைத்தது, எல்லாம். லூர்தம்மாள் ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தாள். லிசாவுக்குப் புரிந்தது.

"அந்த சாப்ட்வேரப் போடச் சொன்னது யாரு?" என்று லிசா கேட்டாள்.

"நான்தான்."

"நீ என்ன வேல பாக்க?" என்றாள் லூர்தம்மாள்.

"இதே வேலதான் ஆன்ட்டி."

கீழே காய்கறிக்காரன் மராத்தியில் கூவிக்கொண்டு போனான்.

"பாதர்ட்ட போய்க் கேளுங்க" என்றாள் லூர்தம்மாள் ராஜபாண்டியிடம். "இன்னொரு வாட்டி தாலி கெட்ட விடுவாரான்னு. நீரே போய்க் கேளும்."

ராஜபாண்டி அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். "அம்மா, நாளைக்கு அதே சேலையக் கெட்டிக்கிட்டு ரெண்டு பேரும் கோயில் வாசல்ல நின்னாப் போதும். லைட்டு கொண்டு வாரேன். அப்படியே இருக்க மாதிரி எடுத்துக் குடுக்கேன். பைசா கெடையாது."

"எங்கப்பா அழுதாரே" என்றாள் லிசா. "அதையும் திருப்பி எடுப்பீங்களாண்ணே?"

கோகிலவாணி பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, மீட்ட படங்களைத் திறந்தாள்.

லிசா அதை வாங்கி மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பாதி சாம்பலாகிப்போன படங்களையும் விடாமல் பார்த்தாள். ஓர் இடத்தில் நின்று, "இது யாரு?" என்றாள். கடன் வாங்கிய கோட்டுப் பையன் எப்படியோ தப்பி உள்ளே வந்திருந்தான். கோகிலவாணி அதை அழிக்கக் கை நீட்டினாள். லிசா ஏற்கெனவே அடுத்த படத்துக்குப் போயிருந்தாள்.

"தாலி கெட்டுனது இதுல இல்ல."

"இல்ல."

"மோதிரம் மாத்துனது?"

"போட்டோ ஒண்ணு இருக்கு. கை மட்டும்."

"யாரு கை?"

கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். "ஒங்க கை."

லிசா அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள், பிறகு சின்னதாக்கினாள். "எல்லாத்தையும் போட்டுக் குடுங்க. பாதி வெட்டுனதையும் சேத்து" என்றாள்.

"அது எதுக்குடி?" என்றாள் லூர்தம்மாள்.

"கெடச்சதத்தான குடுக்கச் சொல்லுதேன். நீ சும்மா இரும்மா."

கோகிலவாணி எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, ஆல்பம் வேலையை வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப்போவதாக லூர்தம்மாள் சொன்னாள். ராஜபாண்டி சரிம்மா என்றார். மாடிப்படியில் இறங்கும்போது மெல்லக் கேட்டார், "வைரஸ்னு சொல்லியிருந்தா இதத்தான சொல்லியிருப்பாங்க?"

"ஆமா" என்றாள் கோகிலவாணி.

வெள்ளிக்கிழமை ஸ்டெர்லின் சிங்கப்பூர் விமானம் ஏறினான். அவன் கொண்டுபோன பென்டிரைவில் முந்நூற்றுச் சொச்சம் படங்களும், விருந்தில் எடுத்த மூன்று வீடியோத் துண்டுகளும் இருந்தன. சர்ச்சுக்குள் எடுத்த வீடியோ கிடைக்கவில்லை.